ஒரு பைத்தான் ஃபங்ஷனின் வாக்குமூலம்

பைத்தானில் எழுதிய ஒரு ஃபங்ஷனை ஓடவிடாமலே விசாரிக்கலாம். உனக்கு எத்தனை உள்மாறிகள், எந்தக் கோப்பின் எந்த வரியில் தொடங்குகிறாய், வெளியிலிருந்து எந்தெந்தப் பெயரை எடுத்துக்கொள்கிறாய் என்று கேட்டால் ஒவ்வொன்றுக்கும் பதில் வரும். சி மொழியில் எழுதிக் கம்பைல் செய்த நிரலில் இது நடக்காது. பிழைதிருத்தத்துக்கான குறிப்புகளைத் தனியே சேர்த்து வைத்தாலொழியப் பெயர்கள் எல்லாம் கரைந்து எந்திரக் கட்டளைகள்தாம் மிஞ்சும். பைத்தான் ஃபங்ஷனோ கம்பைல் ஆன பிறகும் தன் பூர்வீகத்தைச் சுமந்துகொண்டே திரிகிறது.

இதை நம்பிப் பெரிய கருவிகள் பல எழுந்திருக்கின்றன. பைடெஸ்ட், பாராமீட்டரின் பெயரைப் பார்த்தே எந்த ஃபிக்ஸ்சரைக் கொடுப்பது என்று முடிவு செய்கிறது. ஃபாஸ்ட்ஏபிஐ, பாராமீட்டரின் வகைக் குறிப்பைப் படித்து வலைக் கோரிக்கையைச் சரிபார்க்கிறது. நம்பா பைட்கோடைப் படித்து எந்திர மொழிக்கு மாற்றுகிறது. பைஸ்பார்க் ஃபங்ஷனையே பிரித்துக் கட்டி வேறொரு கணினிக்கு அனுப்புகிறது. எல்லாமே ஃபங்ஷன் சொல்லும் பதிலை மெய்யென்று எடுத்துக்கொள்கின்றன. ஆனால் அந்தப் பதில்கள் எல்லாம் ஒரே தரத்தவை அல்ல. கம்பைலர் எழுதிவைத்த பதிவும் உண்டு. கேட்ட கணத்தில் ஒப்பேற்றித் தரப்படும் பதிலும் உண்டு. யாரோ சொல்லிக்கொடுத்ததை ஒப்பிப்பதும் உண்டு. எது எந்த ரகம் என்று பிரித்துப் பார்ப்பதே இங்கே வேலை.

எழுத்துமுறை பற்றி ஒரு வார்த்தை. பைத்தான் தன் உட்புறப் பண்புகளின் பெயருக்கு இருபுறமும் இரட்டை அடிக்கோடு இடும். அந்தக் கோடுகளை விட்டுவிட்டு கோட், டிஃபால்ட்ஸ், குளோஷர் என்றே எழுதுகிறேன். கோட் ஆப்ஜெக்டின் பண்புகளுக்குரிய ‘கோ_’ என்ற முன்னொட்டை மட்டும் வைத்துக்கொள்கிறேன். பேசுவது முழுக்க பைத்தானின் வழக்கமான செயலாக்கமான சிபைத்தானைப் பற்றி. பைபை, மைக்ரோபைத்தான் ஆகியவற்றின் உள்ளமைப்பு வேறு.

இரண்டு முறை பிறப்பது

டெஃப் என்று தொடங்கும் ஒரு ஃபங்ஷன் இரண்டு கட்டங்களில் உருவாகிறது. கோப்பு கம்பைல் ஆகும்போது அதன் உடல் பைட்கோடாக மாறி ஒரு கோட் ஆப்ஜெக்டுக்குள் போகிறது. இது ஒரே முறை. பிறகு நிரல் ஓடி அந்த டெஃப் வரிக்கு வரும்போதெல்லாம், அதே கோட் ஆப்ஜெக்டை உள்ளே வைத்து ஒரு புதிய ஃபங்ஷன் ஆப்ஜெக்ட் உண்டாகிறது. லூப்புக்குள் டெஃப் இருந்து அது ஆயிரம் முறை சுற்றினால் ஆயிரம் ஃபங்ஷன்கள் பிறக்கும். அத்தனைக்கும் கோட் ஆப்ஜெக்ட் ஒன்றுதான்.

கம்பைல் நேரத்தில் தெரிந்தவை எல்லாம் கோட் ஆப்ஜெக்டில் இருக்கும். ஓடும்போது மட்டுமே தெரியக்கூடியவை ஃபங்ஷனில் இருக்கும். டிஃபால்ட் மதிப்புகள் டெஃப் வரி ஓடும்போது கணிக்கப்படுவதால் அவை ஃபங்ஷனின் டிஃபால்ட்ஸ் பண்பில் ஒரு டியூப்பிளாக உட்கார்ந்திருக்கின்றன. காலி லிஸ்டை டிஃபால்டாகக் கொடுத்துவிட்டு, கூப்பிடும்தோறும் பழைய உருப்படிகள் ஏன் திரும்பி வருகின்றன என்று விழிக்காத பைத்தான்காரர் குறைவு. விளக்கம் தேடி எங்கும் போக வேண்டாம். ஒவ்வொரு அழைப்புக்குப் பிறகும் டிஃபால்ட்ஸை அச்சிட்டுப் பார்த்தால் அந்த லிஸ்ட் வளர்வது கண்ணெதிரே தெரியும்.

குளோஷரும் அப்படியே. ஒரு லூப்பில் மூன்று லாம்டாக்களை உருவாக்கி, லூப் மாறியை அவற்றுக்குள் பயன்படுத்தினால் மூன்றும் கடைசி மதிப்பையே திருப்பும். இந்த லூப் இன்னொரு ஃபங்ஷனுக்குள் இருந்தால், மூன்று லாம்டாக்களின் குளோஷர் பண்பையும் எடுத்து முதல் உருப்படியை ஒப்பிடலாம். மூன்றும் ஒரே செல் ஆப்ஜெக்ட். மதிப்பைப் படியெடுத்து வைக்கவில்லை. மாறி இருக்கும் இடத்தைப் பகிர்ந்துகொண்டிருக்கின்றன. இந்த ஒரு சோதனை பத்து பக்க விளக்கத்துக்குச் சமம் என்பது என் எண்ணம்.

வரலாற்றை வேகமாகக் கடந்துவிடலாம். ஃபங்ஷன்களுக்கு நாமே பண்பு சேர்த்துக்கொள்ளும் வசதி 2001-இல் பைத்தான் 2.1-உடன் வந்தது, பேரி வார்ஸா எழுதிய பெப் 232 என்ற பைத்தான் மேம்பாட்டு முன்மொழிவு அது. கா-பிங் யீ எழுதிய இன்ஸ்பெக்ட் மாட்யூலும் அதே பதிப்பில் சேர்ந்தது. உள்ளடுக்கில் இருக்கும் ஃபங்ஷன்கள் வெளி மாறிகளைப் பார்க்கும் விதியும் அப்போதுதான் வந்தது. பைத்தான் 2-இல் கோட் ஆப்ஜெக்டை ஃபங்க்_கோட் என்ற பெயரில் எடுப்பார்கள். 2.6-இல் கோட் என்ற பெயரும் சேர்ந்தது, 3.0-இல் பழைய பெயர் போய்விட்டது.

கோட் ஆப்ஜெக்டில் என்ன இருக்கிறது

பைத்தான் 3 முதல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். ஆகவே வட்டி என்று ஒரு ஃபங்ஷன். அதற்கு அசல், விகிதம், ஆண்டு என்று மூன்று பாராமீட்டர்கள். உள்ளே மூன்றையும் பெருக்கி 100-ஆல் வகுத்துத் தொகை என்ற மாறியில் போட்டுத் திருப்புகிறது. இதன் கோட் ஆப்ஜெக்டைக் கேட்டால் கோ_ஆர்க்கவுன்ட் 3 என்கிறது, கோ_என்லோக்கல்ஸ் 4 என்கிறது. கோ_வார்நேம்ஸ் என்ற டியூப்பிளில் அசல், விகிதம், ஆண்டு, தொகை என்று பாராமீட்டர்கள் முதலிலும் மற்ற உள்மாறி பின்னுமாக நிற்கின்றன. பைட்கோட் இந்தப் பெயர்களைத் தொடுவதே இல்லை. பூஜ்ஜியத்தில் தொடங்கி எண்ணி, இத்தனையாவது மாறி என்ற எண்ணை மட்டுமே அறியும். உள்மாறிகள் குளோபல் மாறிகளைவிட வேகமாகக் கிடைப்பதற்குக் காரணம் இதுவே.

தமிழ்ப் பெயரால் ஒரு சுவாரசியமும் உண்டு. ‘தொகை’யில் வரும் ஒகரக் குறியை ஒரே யூனிகோட் எழுத்தாகவும் அடிக்கலாம், இடப்பக்கக் கொம்பும் வலப்பக்கக் காலுமாக இரண்டு எழுத்துகளாகவும் அடிக்கலாம். திரையில் வேறுபாடு தெரியாது. பைத்தான் பெயர்களைக் கம்பைல் செய்யும்போது யூனிகோடின் ஒரு சீர்மை வடிவத்துக்கு மாற்றிவிடுவதால் இரண்டும் கோ_வார்நேம்ஸில் ஒன்றாகவே பதிவாகும். சரங்களுக்கு அந்தச் சீர்மை கிடையாது. எனவே பாராமீட்டர் பெயரை ஒரு டிக்‌ஷனரியின் சாவியாகக் கொடுத்து ஃபங்ஷனைக் கூப்பிடும்போது, அந்தச் சாவி இரண்டு எழுத்து வடிவத்தில் இருந்தால் அப்படியொரு பாராமீட்டரே இல்லை என்று பிழை வரும். திரையில் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும், ஆகவே தேடுபவர் பாடு திண்டாட்டம்.

கோ_நேம்ஸ் என்பது வேறொரு பட்டியல். குளோபல் பெயர்களும், புள்ளி வைத்து எடுக்கும் பண்புப் பெயர்களும் அதில் கலந்து கிடக்கும். ஒரு பெயர் கோ_வார்நேம்ஸில் இருக்கிறதா கோ_நேம்ஸில் இருக்கிறதா என்று பார்த்தாலே அன்பவுண்ட்லோக்கல் பிழையின் மர்மம் விலகும். ஃபங்ஷனின் கடைசி வரியில் ஒரு பெயருக்கு மதிப்பு இட்டாலும் போதும். கம்பைலர் அதை ஃபங்ஷன் முழுமைக்கும் உள்மாறியாகப் பதிந்துவிடும். முதல் வரியில் அதே பெயரைப் படிக்க முயன்றால், வெளியே குளோபலாக அது இருந்தாலும் பயனில்லை.

குளோஷருக்கு இரண்டு பட்டியல்கள்: உள் ஃபங்ஷன்களுக்குக் கொடுக்கும் மாறிகள் கோ_செல்வார்ஸில், வெளியிலிருந்து பெறுபவை கோ_ஃப்ரீவார்ஸில். ஒரு கிளாஸின் மெத்தட் வெறும் அடைப்புக்குறியோடு சூப்பரைக் கூப்பிட்டால், அதன் கோ_ஃப்ரீவார்ஸில் கிளாஸ் என்ற பெயர், இருபுறமும் இரட்டை அடிக்கோடு பூண்டு, நாம் எழுதாமலே வந்து நிற்கும். பைத்தான் 3-இன் சூப்பர் தன் கிளாஸ் எது என்று அறிவது இந்தச் செல் வழியாகத்தான். மாயமாகத் தோன்றும் ஒரு வசதியின் கம்பி வெளியே தெரியும் இடம் அது.

கோ_ஃப்ளாக்ஸ் ஒரு முழு எண். அதன் ஒவ்வொரு பிட்டுக்கும் ஒரு பொருள். நட்சத்திரப் பாராமீட்டர் இருந்தால் 4, இரட்டை நட்சத்திரம் இருந்தால் 8, ஜெனரேட்டர் என்றால் 32, கோரூட்டின் என்றால் 128. ஒரு ஃபங்ஷன் ஜெனரேட்டரா இல்லையா என்பது கம்பைல் நேரத்திலேயே முடிந்துவிடும் விஷயம். ஒருபோதும் எட்டப்படாத நிபந்தனைக்குள் ஒரு யீல்ட் ஒளிந்திருந்தாலும் 32 ஏறிவிடும். கூப்பிட்டால் மதிப்பு வராது, ஜெனரேட்டர்தான் வரும்.

மாறிலிகளின் பட்டியல் கோ_கான்ஸ்ட்ஸ். கம்பைலர் செய்யும் சிக்கனம் இங்கே தெரியும். 24 பெருக்கல் 60 பெருக்கல் 60 என்று எழுதினால் பட்டியலில் 86400 இருக்கும். ஓடும்போது பெருக்கல் கிடையாது. ஓர் எழுத்தை 5000 முறை பெருக்கினால் அப்படிச் சுருங்காது. சரங்களுக்கு 4096 எழுத்து என்று ஒரு வரம்பு இருக்கிறது. மாறிலிகளால் ஆன செட்டுக்குள் ஒரு மதிப்பு இருக்கிறதா என்று பார்த்தால், அந்தச் செட் மாற்றமுடியாத ஃப்ரோசன்செட்டாகப் பட்டியலில் நிற்கும். உள் ஃபங்ஷன்களின் கோட் ஆப்ஜெக்டுகளும் இதே பட்டியலில்தான் இருக்கின்றன. ஒரு மாட்யூலின் எல்லா ஃபங்ஷன்களையும் ஓட்டாமலே கண்டெடுக்க இதைத் தோண்டிக்கொண்டே போனால் போதும். வசதியான வழி, வழுக்கும் வழியும்கூட. 3.12 வரும்வரை ஒவ்வொரு லிஸ்ட் காம்ப்ரிஹென்ஷனும் தனிக் கோட் ஆப்ஜெக்டாக இங்கே கிடைத்தது. பெப் 709 அவற்றை வெளி ஃபங்ஷனின் உடலுக்குள்ளேயே கரைத்துவிட்டது. 3.14-இல் சிறிய முழு எண்களைக் கட்டளைக்குள்ளேயே வைக்கும் வழி வந்துவிட்டதால், நம் வட்டிக் கணக்கின் 100 பைட்கோடுக்குள்ளேயே வந்துவிடுகிறது. ஒரு ஃபங்ஷனின் டாக்ஸ்ட்ரிங் பட்டியலின் முதல் உருப்படி, டாக்ஸ்ட்ரிங் இல்லையென்றால் அந்த இடத்தில் நன் இருக்கும் என்று நெடுநாள் நிலவிய வழக்கமும் அதே பதிப்பில் போனது.

வரிகளின் கணக்கு மட்டும் காலப்போக்கில் துல்லியமாகிக்கொண்டே வந்திருக்கிறது. கோ_எல்நோடாப் என்ற பழைய அட்டவணை, எந்தக் கட்டளை எந்த வரியைச் சேர்ந்தது என்று மட்டும் சொன்னது. 3.10-இல் கோ_லைன்ஸ் வந்தது. 3.11-இல் வந்த கோ_பொசிஷன்ஸ், வரியோடு நெடுக்கை எண்ணையும் தருகிறது. பிழைச் செய்தியில் ஒரு கோவையின் எந்தத் துண்டு தவறியது என்று அடியில் சுட்டிக் காட்டும் குறிகள் இந்தத் தகவலிலிருந்தே வருகின்றன. இதற்குக் கொடுத்த விலை, கம்பைல் ஆன பைட்கோடைச் சேமிக்கும் நிலைக்கோப்புகள் சுமார் 22 விழுக்காடு பெருத்தது. வேண்டாதவர்கள் ஒரு தொடக்க விருப்பத்தால் அணைத்துக்கொள்ளலாம். அணைப்பவர்கள் ஒரு நள்ளிரவுப் பிழையை இன்னும் சந்திக்காதவர்களாக இருக்க வேண்டும்.

பைட்கோட் என்ற வாடகை வீடு

இதுவரை பார்த்தவை பெரும்பாலும் பதிவுகள். கோ_கோட் என்ற பைட் சரத்துக்கு வரும்போது நிலைமை மாறுகிறது. டிஸ் மாட்யூல் அதைப் படித்து மனிதர் வாசிக்கும் கட்டளைகளாகத் தரும். 3.6-க்கு முன் ஒரு கட்டளை ஒரு பைட்டாகவோ மூன்று பைட்டாகவோ இருந்தது. 3.6 முதல் எல்லாம் இரண்டு பைட். 255-ஐத் தாண்டும் எண் வேண்டுமானால் முன்னால் ஒரு நீட்டிப்புக் கட்டளை சேரும். வட்டி ஃபங்ஷனை 3.10-இல் பிரித்தால் பெருக்கலுக்கு ஒரு கட்டளையும் வகுத்தலுக்கு வேறொரு கட்டளையும் தெரியும். 3.11-இல் இரண்டும் பைனரி ஆப் என்ற ஒரே கட்டளை; என்ன செயல் என்பது அதன் எண்ணில் இருக்கிறது. டிரை பகுதியின் தொடக்கத்தில் நின்ற கட்டளையும் அதே பதிப்பில் மறைந்து, பிழை வந்தால் எங்கே தாவுவது என்பது கோ_எக்செப்ஷன்டேபிள் என்ற தனி அட்டவணைக்குப் போய்விட்டது. அதிகாரபூர்வ ஆவணம் இதில் ஒளிவுமறைவு வைக்கவில்லை. பைட்கோட் சிபைத்தானின் உள்விவகாரம், பதிப்புக்குப் பதிப்பு மாறும் என்று அது சொல்லிக்கொண்டேதான் இருக்கிறது.

3.11-இல் நடந்த பெரிய மாற்றம் வேறு. மார்க் ஷானன் எழுதிய பெப் 659-இன்படி, இன்டர்ப்ரெட்டர் தான் ஓட்டும் பைட்கோடை ஓடிக்கொண்டிருக்கும்போதே திருத்தி எழுதுகிறது. வட்டி ஃபங்ஷனைத் தசம எண்களோடு சில முறை கூப்பிட்டால், பொதுவான பெருக்கல் கட்டளையின் இடத்தில் தசம எண்களுக்கென்றே அமைந்த பெருக்கல் கட்டளை வந்து உட்காரும். வேறு வகை எண் வந்தால் பழைய பொதுக் கட்டளைக்குத் திரும்பும். கட்டளைகளுக்கு நடுவே கேஷ் இடங்களும் உண்டு. 3.11 தன் முந்தைய பதிப்பைவிடச் சராசரியாக 1.25 மடங்கு வேகமானதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஆனால் கோ_கோடைக் கேட்டுப் பாருங்கள். எதுவுமே நடக்காதது போல, திருத்தத்துக்கு முந்தைய பொதுக் கட்டளைகளையே காட்டும். 3.11 முதல் அது சேமித்து வைத்த சரமே அல்ல; கேட்கும்போது திருத்தங்களை நீக்கிக் கட்டித் தரப்படும் ஒரு பிரதி. உண்மையில் ஓடுவதைப் பார்க்க டிஸ்ஸிடம் அடாப்டிவ் என்ற விருப்பத்தைக் கொடுக்க வேண்டும். 3.12-இல் வந்த சிஸ் மானிட்டரிங் வழியாக டிபக்கர்கள் செருகும் கட்டளைகளும் இதே போலக் கோ_கோடில் மறைக்கப்படுகின்றன. இதை ஏமாற்று என்று நான் சொல்லமாட்டேன். கோட் ஆப்ஜெக்ட் மாறாப் பொருள் என்று பல நிரல்கள் நம்பியிருக்கின்றன. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் அதன் பைட்டுகள் மாறினால் அவற்றின் ஹேஷ் கணக்குகள் சிதறும். ஆனாலும் இந்தப் பண்பைப் படிப்பவர், தான் பார்ப்பது கம்பைலர் எழுதியதை, இன்டர்ப்ரெட்டர் ஓட்டுவதை அல்ல என்று நினைவில் வைக்க வேண்டியிருக்கிறது.

இந்த உள்விவகாரத்தில் குடியேறியவர்களின் பாடு தனி. நம்பா 2012-இல் தொடங்கிய காலம் முதல் பைட்கோடையே மூலமாக எடுத்துக்கொள்கிறது. 2022 அக்டோபரில் வெளியான 3.11-ஐ அது ஆதரிக்க 2023 மே ஆனது. பைடார்ச் 2.0-இன் கம்பைல் வசதியும் அப்படியே. ஒரு ஃபிரேமை ஓட்டும் பொறுப்பையே வெளியார் எடுத்துக்கொள்ளப் பெப் 523 திறந்த வாசல் வழியாக நுழைந்து, ஃபங்ஷனின் பைட்கோடைத் திருத்தி எழுதுகிறது அது. 2023 மார்ச்சில் வந்தபோது பைத்தான் 3.11-இல் ஓடவில்லை, பைடார்ச் 2.1 வந்த பிறகுதான் ஓடியது. பைத்தான் 3.12-க்கு 2024 ஜூலையில் வந்த பைடார்ச் 2.4 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்தப் பொறியாளர்கள் திறமையற்றவர்கள் அல்லர். ஆண்டுதோறும் அக்டோபரில் வாடகை உயரும் வீட்டில் தெரிந்தே குடியிருக்கிறார்கள். பயனரிடம் ஒரு வரிகூட மாற்றச் சொல்லாமல் வேகம் கொடுக்க அவர்களுக்கு வேறு இடமும் இல்லை.

பைஸ்பார்க்கின் கதை இதன் தம்பி. பைத்தானின் வழக்கமான பிக்கிள், ஃபங்ஷனின் மாட்யூலையும் பெயரையும் மட்டுமே எழுதிக்கொள்ளும். லாம்டாவை அனுப்பவே முடியாது. பைஸ்பார்க் பயன்படுத்தும் கிளவுட்பிக்கிள் கோட் ஆப்ஜெக்டையே அனுப்புகிறது. அந்த ஃபங்ஷனுக்கு எந்தெந்த குளோபல்கள் தேவை என்று அறிய அது கோ_நேம்ஸை மட்டும் நம்ப முடியாது, அங்கே பண்புப் பெயர்களும் கலந்திருக்கின்றன அல்லவா? ஆகவே கட்டளைகளை ஒவ்வொன்றாக நடந்து, குளோபலை ஏற்றும் கட்டளைகளைத் தேடுகிறது. மறுமுனையில் வேறு பைத்தான் பதிப்பு இருந்தால் அந்தக் கோட் ஆப்ஜெக்ட் வெறும் குப்பை. அதனால்தான் டிரைவரிலும் ஒர்க்கரிலும் பைத்தான் பதிப்பு வேறுபட்டால் பைஸ்பார்க் முதலிலேயே பிழை சொல்லி நின்றுவிடுகிறது.

சொல்லிக்கொடுத்ததை ஒப்பிப்பவை

கோட் ஆப்ஜெக்டின் பண்புகளை மாற்ற முடியாது. ஃபங்ஷனின் பண்புகளை மாற்றலாம். நேம் பண்பில் எந்தச் சரத்தை வேண்டுமானாலும் எழுதலாம். கோட் ஆப்ஜெக்டில் இருக்கும் கோ_நேம் அப்படியே இருக்கும். ட்ரேஸ்பேக்கில் ஒரு பெயரும் நேமை அச்சிட்டால் வேறு பெயரும் வருவது இதனால்தான். டெக்கரேட்டர் எழுதுபவர்கள் பயன்படுத்தும் ஃபங்டூல்ஸின் ராப்ஸ், பெயரையும் டாக்ஸ்ட்ரிங்கையும் உள் ஃபங்ஷனிலிருந்து படியெடுத்து, ராப்டு என்ற பண்பில் அந்த உள் ஃபங்ஷனையே வைத்துவிடும். 3.3 முதல் இருக்கும் இன்ஸ்பெக்ட் சிக்னேச்சர் அந்தப் பண்பைப் பின்தொடர்ந்து போய், உள் ஃபங்ஷனின் பாராமீட்டர்களைச் சொல்லும். டெக்கரேட்டர் ஒரு பாராமீட்டரைத் தானே நிரப்பிக்கொண்டாலும் சிக்னேச்சருக்கு அது தெரியாது. யாராவது சிக்னேச்சர் என்ற பண்பையே எழுதி வைத்தால் கேள்வி கேட்காமல் அதைத் திருப்பித் தரும். ஃபங்ஷனை உண்மையில் எப்படிக் கூப்பிடலாம் என்பதற்குச் சான்று கோட் ஆப்ஜெக்டே. எப்படிக் கூப்பிட வேண்டும் என்று ஆசிரியர் விரும்புகிறார் என்பதற்குச் சான்று சிக்னேச்சர். இரண்டில் எது தேவை என்று தெரிந்து கேட்பவர் குறைவு.

கெட்சோர்ஸ் இன்னும் மோசம். ஃபங்ஷனுக்குள் அதன் மூலநிரல் கிடையாது. கோ_ஃபைல்நேமும் கோ_ஃபர்ஸ்ட்லைன்நோவும் மட்டுமே உண்டு. கெட்சோர்ஸ் அந்தக் கோப்பைத் திறந்து, அந்த வரியிலிருந்து ஒரு தொகுதியை எடுத்துக் கொடுக்கிறது. மாட்யூலை ஏற்றிய பிறகு யாரேனும் கோப்பின் மேலே பத்து வரி சேர்த்துச் சேமித்திருந்தால், சம்பந்தமில்லாத வேறொரு ஃபங்ஷனின் உடல் வந்து விழலாம். மூலநிரலை ஹேஷ் செய்து கேஷ் வைக்கும் கருவிகள் இந்த மணலில்தான் நிற்கின்றன.

மாற்றம் பெயரோடு நிற்பதும் இல்லை. ஒரு ஃபங்ஷனின் கோட் பண்பிலேயே வேறொரு கோட் ஆப்ஜெக்டை வைக்கலாம். வெளி மாறிகளின் எண்ணிக்கை மட்டும் ஒத்துப்போக வேண்டும். ஒரு காலத்தில் இதற்குக் கோட் ஆப்ஜெக்டின் எல்லாப் பண்புகளையும் வரிசை மாறாமல் கொடுத்துப் புதிதாகக் கட்டுவார்கள். 3.8-இன் உருவாக்கத்தின்போது, இடத்தால் மட்டும் கொடுக்கக்கூடிய பாராமீட்டர்களின் எண்ணிக்கை அந்த வரிசையின் நடுவில் நுழைய, பல நூலகங்கள் உடைந்தன. அதன் விளைவாக விக்டர் ஸ்டின்னர் ரிப்ளேஸ் என்ற மெத்தடைச் சேர்த்தார். மாற்ற விரும்பும் பண்பை மட்டும் சொன்னால் மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும். கைக்கு வந்த பைட்டுகளைக் கொடுத்தால் இன்டர்ப்ரெட்டர் சரிபார்க்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பைத்தான் பிழை எதுவும் வராமல் முழு நிரலும் சரிந்து விழும்.

கோட் இல்லாத ஃபங்ஷன்கள்

லென் என்ற பழைய நண்பரிடம் கோட் பண்பைக் கேட்டால் அப்படி ஒன்று இல்லை என்று பிழை வரும். அது சி-யில் எழுதப்பட்டது, பைட்கோடே கிடையாது. ஆனாலும் இன்ஸ்பெக்ட் சிக்னேச்சர் அதன் பாராமீட்டரைச் சரியாகச் சொல்கிறது. காரணம் 3.4-இல் லாரி ஹேஸ்டிங்ஸ் கொண்டுவந்த ஆர்குமென்ட் கிளினிக். சி கோப்பில் ஒரு குறிப்பாக எழுதும் பாராமீட்டர் விவரத்தை அது டெக்ஸ்ட்சிக்னேச்சர் என்ற சரமாக மாற்றி ஃபங்ஷனில் ஒட்டுகிறது. சிக்னேச்சர் அந்தச் சரத்தைப் பிரித்துப் படிக்கிறது. ஒட்டப்படாத பில்ட்இன்கள் சிலவற்றிடம் சிக்னேச்சர் கேட்டால் வேல்யூஎரர்தான்.

சைத்தானில் கம்பைல் செய்த ஃபங்ஷன்கள் நடுவழியில் நிற்கின்றன. 0.29 வரை அவை இயல்பாக பில்ட்இன் போலவே தோன்றின. 2023 ஜூலையில் வந்த சைத்தான் 3.0, பைண்டிங் என்ற விருப்பத்தை இயல்பாக்கியது. அதன்பின் அவற்றுக்கு டிஃபால்ட்ஸ் உண்டு, நேம் உண்டு, கோட்கூட உண்டு. அந்தக் கோட் ஆப்ஜெக்டில் பாராமீட்டர் எண்ணிக்கையும் பெயர்களும் கோப்பும் வரியும் சரியாக இருக்கும். ஓட்டத்தக்க பைட்கோட் மட்டும் இருக்காது, ஏனெனில் வேலையைச் செய்வது எந்திர மொழி. முகப்பு மட்டும் கட்டி உள்ளே வீடு இல்லாத நிலை. டிஸ்ஸிடம் இதைக் கொடுப்பதில் பயனில்லை. இன்ஸ்பெக்டின் இஸ்ஃபங்ஷனோ இது ஃபங்ஷனே அல்ல என்று கையை விரிக்கும், அது வகையை மட்டுமே பார்ப்பதால். கோப்பை வேகத்துக்காகச் சைத்தானுக்கு மாற்றியவுடன் எங்கோ ஒரு டெக்கரேட்டர் அமைதியாக வேலை நிறுத்தம் செய்வதற்குப் பல நேரம் இந்த ஒரு சோதனையே காரணம். கூப்பிட முடியுமா என்று பார்த்துவிட்டுச் சிக்னேச்சரைக் கேட்பது போதும். ஃபங்ஷன் வகையா என்று கேட்பது தேவையற்ற சாதிச் சான்றிதழ்.

நம்பா இதில் மிகவும் நேர்மையானது. என்ஜிட் டெக்கரேட்டர் திருப்புவது ஃபங்ஷனே அல்ல, ஒரு டிஸ்பாட்சர். பழைய பைத்தான் ஃபங்ஷன் பை_ஃபங்க் என்ற பண்பில் அப்படியே இருக்கிறது. எந்தெந்த வகைகளுக்குக் கம்பைல் ஆனது என்று சிக்னேச்சர்ஸ் சொல்லும். இன்ஸ்பெக்ட்_டைப்ஸ் ஒவ்வொரு மாறிக்கும் அது அனுமானித்த வகையைக் காட்டும், இன்ஸ்பெக்ட்_எல்எல்விஎம் இடைநிலை மொழியையும் இன்ஸ்பெக்ட்_ஏஎஸ்எம் அசெம்பிளியையும் காட்டும். மூலமும் முடிவும் ஒன்றையொன்று மறைக்காமல் அருகருகே இருக்கின்றன. சிபைத்தானின் உட்புறம் இவ்வளவு தெளிவாகத் தன் அடுக்குகளைப் பிரித்துக் காட்டியிருந்தால் பாதித் திண்டாட்டம் குறைந்திருக்கும்.

காட்டக் கூடாதது காட்டப்படும்போது

பைகேஷ் ஃபோல்டரில் கிடக்கும் நிலைக்கோப்பு என்பது 16 பைட் தலைப்பும் அதன்பின் மார்ஷல் முறையில் எழுதிய ஒரு கோட் ஆப்ஜெக்டும், அவ்வளவுதான். தலைப்பின் தொடக்கத்தில் இருக்கும் மேஜிக் எண் பைட்கோடின் பதிப்பைச் சொல்லும், 3.8-க்கு 3413, 3.12-க்கு 3531. மூலக்கோப்பைக் கொடுக்காமல் நிலைக்கோப்பை மட்டும் கொடுத்தால் நிரல் பாதுகாப்பாக இருக்கும் என்று இன்னும் நம்புபவர்கள் உண்டு. அதை ஏற்றிக் கோ_கான்ஸ்ட்ஸை அச்சிட்டால் உள்ளே எழுதிய கடவுச்சொல் எழுத்துப் பிசகாமல் வரும்.

டிராப்பாக்ஸ் ஒருமுறை இதைத் தீவிரமாகவே எதிர்த்தது. தன் கணினிச் செயலியோடு திருத்திய பைத்தான் இன்டர்ப்ரெட்டரைக் கட்டி அனுப்பியது: கட்டளை எண்கள் மாற்றி அடுக்கப்பட்டிருந்தன, கோ_கோடைப் படிக்கும் வழியே நீக்கப்பட்டிருந்தது. 2013-இல் யூசெனிக்ஸ் வூட் கருத்தரங்கில் தீரு கோலியாவும் பிரெமிஸ்வாவ் வெங்ஜினும் அதைத் திறந்து காட்டினார்கள். பைத்தானைப் படைத்த கைடோ வான் ராஸம் அந்த ஆண்டுதான் டிராப்பாக்ஸில் சேர்ந்திருந்தார் என்பது உபரித் தகவல்.

பைத்தானுக்குள்ளேயே ஒரு பாதுகாப்பு வேலி கட்டும் முயற்சிகள் தோற்றதற்கும் இந்தப் பண்புகளே பெரும் காரணம். ஏதாவதொரு ஃபங்ஷன் கையில் கிடைத்தால் அதன் குளோபல்ஸ் பண்பு வழியாக முழு மாட்யூலும் கிடைக்கும். அப்படியொரு முயற்சியான ரெக்ஸெக் மாட்யூல் 2.3-இல் முடக்கப்பட்டது. விக்டர் ஸ்டின்னர் தன் வேலியான பைசேண்ட்பாக்ஸ் அடிப்படையிலேயே உடைந்தது என்று 2013-இல் தானே அறிவித்துக் கைவிட்டார். சரத்தின் ஃபார்மட் மெத்தடுக்கு பண்புகளைப் புள்ளி வைத்துத் தொடரும் வல்லமை இருப்பதால், பயனர் எழுதிய ஒரு வார்ப்புச் சரமே குளோபல்ஸ் வரை போக முடிந்தது. வார்ப்பு நூலகமான ஜிஞ்சா 2016 டிசம்பரில் 2.8.1 பதிப்பில் அந்த ஓட்டையை அடைத்தது. 3.8 முதல் ஒரு ஃபங்ஷனின் கோட் பண்பைப் படித்தாலே ஒரு தணிக்கை நிகழ்வு எழும். கவனிக்கும் கருவி வைத்தவருக்குச் செய்தி போகும். வேலி போட முடியாத இடத்தில் மணி கட்டியிருக்கிறார்கள்.

இதற்கு நேர்மாறாகக் காட்டப்படாத ஒன்றும் உண்டு. 3.13-இல் சோதனையாக வந்த ஜிட் கம்பைலர், அடிக்கடி ஓடும் பைட்கோட் தடங்களை எந்திர மொழிக்கு மாற்றுகிறது. அந்த எந்திர மொழியைக் காட்டும் பண்பு எதுவும் ஃபங்ஷனிலும் இல்லை, கோட் ஆப்ஜெக்டிலும் இல்லை. 3.14-இல் சிஸ்ஸுக்குள் ஒரு சிறு மாட்யூல் சேர்ந்திருக்கிறது. அதில் இஸ் ஆக்டிவ் என்ற ஃபங்ஷன், தன்னைக் கூப்பிட்ட ஃபிரேம் அந்தக் கணத்தில் ஜிட் வழியாக ஓடுகிறதா என்று சொல்லும். ஆவணமே ஓர் எச்சரிக்கை வைத்திருக்கிறது: தொடர்ந்து கேட்டால் விடைகள் வியப்பளிக்கலாம், அந்த விடையை வைத்து நிரலைக் கிளைபிரித்தால் எதிர்பாராதது நடக்கும். ஓடும் தடத்தையே கம்பைல் செய்வதால், கேள்வி நின்ற இடமும் அந்தத் தடத்தின் பகுதியாகிவிடுகிறது.